நூற்று முப்பது ஆம்பியர்

"அந்தக் கத்தரிய கீழ வை, டேல். எங்க அப்பா பூட்டுல அது பட்டுச்சு, அப்புறம் நடக்கறதுக்கு நான் பொறுப்பில்ல."

லொரெட்டா சுவிட்ச் பெட்டியில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். கறுப்பு உடுப்பு, அம்மாவிடம் இரவல் வாங்கிய கறுப்புச் செருப்பு. செருப்பு ஒரு அளவு சின்னது, குதிகால் எரிந்தது. பதினொரு மணிக்கு மாதா கோயிலில் பூசை, அதன் பிறகு அடக்கம். ஆலையில் பம்ப் குழி கழுவும் வாரன் காலையில் போன் செய்து, "பொண்ணே, உங்க அப்பா பூட்ட வெட்டப் போறாங்க, ஓடியா" என்று சொல்லியிருக்காவிட்டால், இந்நேரம் அவள் வீட்டில் அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் லசான்யாத் தட்டுகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருப்பாள்.

ஃபிட்டர் டேல் இரண்டு கையாலும் பிடித்திருந்த கத்தரியைத் தாழ்த்திவிட்டு மேனேஜர் கெர்ரியைப் பார்த்தான். கெர்ரியும் கறுப்பில்தான் இருந்தாள். பூட்டை வெட்டிவிட்டு நேராகப் பூசைக்கு வருவதாக உத்தேசம் போலிருக்கிறது. அவளுக்குப் பின்னால் ஃபோர்மேன் ரேமோ, லொரெட்டாவின் சித்தப்பா, கழுத்துப்பட்டையைத் தளர்த்தியபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் எலியோவ அவமதிக்கல, லொரெட்டா," என்றாள் கெர்ரி. "மூணு நாளா ரெண்டாம் நம்பர் பம்ப் நிக்குது. தண்ணி பத்தாம ஆலை பாதி வேகத்துல ஓடுது. வெட்டின கரும்பெல்லாம் வண்டியிலயே புளிக்குது. விவசாயிங்க போன்ல கத்தற கத்துக்கு நான் பதில் சொல்லணும். மோட்டார சோதிச்சுப் பார்த்தாச்சு, கம்பிச் சுருள் எல்லாம் அருமையா இருக்கு. உங்க அப்பா எதையோ பார்க்கறதுக்காகப் பூட்டியிருக்கார், எடுக்க மறந்துட்டார்னு ரேமோவே சொல்றார். வயசாச்சு, உடம்பும் முடியல. மறக்கறது தப்பா?"

அங்கே அது தப்புதான். ஓடுகிற இயந்திரத்தில் கை வைக்கும் ஒவ்வொருவரும் சுவிட்சை அணைத்துத் தன் பெயர் போட்ட பூட்டை மாட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். போட்டவன்தான் எடுக்க வேண்டும். மறந்து வீட்டுக்குப் போனவனை எங்கே இருந்தாலும் பிடித்து இழுத்து வருவார்கள். ஒருத்தனைத் தேனிலவுக்குப் போன இடத்திலிருந்து, புதுப்பெண்டாட்டியோடு காரில் ஏற்றிக் கொண்டுவந்து திறக்க வைத்தார்கள். இருபது வருடமாகியும் அவன் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால் கல்யாணப் பாட்டு பாடாமல் விடுவதில்லை. செத்துப்போனவனின் பூட்டைச் சவப்பெட்டியின் மேல் வைத்து அனுப்புவது ஆலை வழக்கம். வெட்டின பூட்டை வைக்க மாட்டார்கள். மற்றவன் உயிரை மறந்துபோன ஆள் என்று அதற்குப் பொருள்.

எலியோ தன் ஆயுளில் ஒரு பூட்டையும் மறந்ததில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டு அறையில் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சரிந்தவர், மறுநாள் விடியும் முன் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். வாயில் குழாயை மாட்டியிருந்ததால் பேச முடியாமல், கழுத்துக் கயிற்றில் கிடந்த சாவியைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டே இருந்தாராம். லொரெட்டா மேற்கே சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். எங்கும் நிற்காமல் காரை ஓட்டி வந்தும் அவர் முகத்தை உயிரோடு பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அந்த ஆற்றாமை அவளுக்குள் கனன்றுகொண்டிருந்தது. அதற்கு மேல் இந்த 'மறந்துட்டார்'.

"சாவி எங்கன்னாவது தெரியுமா?" என்று கேட்டாள் கெர்ரி.

லொரெட்டா உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். புறப்படும்போது அம்மா பியா அதை அவள் கையில் திணித்து, விரல்களை மூடிவிட்டு, அடுக்களைக்குள் போயிருந்தாள்.

"அட கடவுளே! கையிலயே வச்சிருக்கியா? திறந்து விடேம்மா, எல்லாருக்கும் நல்லது."

"திறக்க மாட்டேன்."

"ஏன்?"

"அப்பா எதுக்குப் பூட்டினார்னு தெரியாம திறக்க மாட்டேன். அவர் மறக்கற ஆள் இல்ல. மோட்டார் நல்லாயிருக்குன்னு சொல்றீங்க. நல்லாயிருக்கற மோட்டார எதுக்குப் பூட்டணும்? இந்தப் பெட்டியத் திறந்து உள்ள பார்த்தீங்களா யாராவது?"

யாரும் பார்க்கவில்லை. மோட்டாரைத்தான் சோதித்திருந்தார்கள், அதை ஓட்டிவைக்கும் பெட்டியை யாரும் சீண்டவில்லை. சுவிட்ச் அணைந்திருந்தால் பெட்டிக் கதவை அதன் சாவி போட்டுத் திறக்கலாம், பூட்டு அதற்குக் குறுக்கே நிற்காது. கெர்ரி பெருமூச்சு விட்டு, "சரி, பாரு. சீக்கிரம்" என்றாள். ரேமோ தலையைத் தூக்கினார்.

"பூசைக்கு நேரமாச்சு, கண்ணு," என்றார். "இதெல்லாம் இன்னிக்கு வேணாமே."

"சாமியார் காத்திருப்பார் சித்தப்பா. அப்பாவும் எங்கயும் ஓடிப் போயிடல."

ரேமோவிடமிருந்து கதவுச் சாவியும் டேலிடமிருந்து மீட்டரும் வாங்கி, மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அவள் உள்ளே குனிந்தாள். எல்லாம் சுத்தமாக, அப்பா கைபட்ட மாதிரியே இருந்தது. கம்பிகள் வாரிச் சீவிய தலை மாதிரி ஒழுங்காக இறங்கின. கீழே, மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் தானாக நிறுத்துகிற கருவி. அதன் முகத்தில் ஒரு சின்ன டயல். எத்தனை ஆம்பியரில் நிறுத்த வேண்டும் என்பதை அதில் வைப்பார்கள்.

அப்பா இந்த மாதிரி டயல்களை ஒருமுறை சரியாக வைத்துவிட்டால், அம்மாவின் சிவப்பு நகப்பூச்சால் டயலுக்கும் கருவியின் முகத்துக்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிடுவார். யாராவது திருப்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். "நான் வாங்கறதுல பாதி பாட்டில் ஆலை பூசிக்குது" என்று பியா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இங்கே கோடு உடைந்திருந்தது. கருவியின் முகத்தில் இருந்த பாதி நூற்று முப்பதுக்கு நேராக நின்றது. டயலில் இருந்த பாதி திரும்பிப் போயிருந்தது. முள் நூற்று எண்பதில் இருந்தது.

எழுபத்தைந்து கிலோவாட் மோட்டார், நானூற்றுப் பதினைந்து வோல்ட், முழுச் சுமையில் நூற்று முப்பது ஆம்பியர் என்று பெட்டிக் கதவின் தகட்டிலேயே பொறித்திருக்கிறது. படிக்கத் தெரிந்தவன் எவனும் அதை நூற்று எண்பதில் வைக்க மாட்டான், வேண்டுமென்றே வைத்தால் ஒழிய.

பெட்டிக் கதவின் சாவி ஆலை எலக்ட்ரீஷியனிடம் ஒன்று இருக்கும், ஃபோர்மேனிடம் ஒன்று இருக்கும். எலக்ட்ரீஷியன் சவப்பெட்டியில் இருக்கிறார். லொரெட்டா நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தாள். ரேமோவின் முகத்தில் ரத்தம் இல்லை.

"கெர்ரி," என்றாள். "எங்க ரெண்டு பேருக்கும் அஞ்சு நிமிஷம் குடுங்க. குடும்ப விஷயம்."

மற்றவர்கள் வெளியே போனார்கள். வாரன் கடைசியாகப் போய்க் கதவைச் சாத்தினார். சுவருக்கு அப்பால் ஆலை பாதி வேகத்தில் முனகிக்கொண்டிருந்தது.

"நீங்கதானே?"

"கத்தாத."

"நான் இன்னும் கத்தவே ஆரம்பிக்கல."

ரேமோ ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார். புதுக் கால்சராய் அழுக்காவதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. "திங்கக்கிழமை பம்ப் மூணு தடவ நின்னுச்சு. நிக்க நிக்க ஓட்டினேன். கரும்பு வண்டி கேட் வரைக்கும் நிக்குது, ஆளாளுக்குத் திட்டறான். கொஞ்சம் ஏத்தி வச்சேன். உலகத்துல யாரும் செய்யாததா? மறுநாள் காலைல உங்கப்பன் பார்த்துட்டான். பூட்டப் போட்டான். 'நீ திருப்பின, நீயே திருப்பி வை. கெர்ரிகிட்ட நீயே போய்ச் சொல்லு. அதுவரைக்கும் என் பூட்டு இங்கதான் தொங்கும்'னான். நான் முடியாதுன்னேன். போடா நாயேன்னுகூடச் சொன்னேன்." அவர் குரல் உடைந்தது. "மத்தியானம் விழுந்துட்டான்."

"யார்கிட்டயும் சொல்லலையா அவர்?"

"சொல்ல மாட்டான். சொன்னா என் வேலை போயிடும்னு தெரியும். வாய மூடிக்கிட்டான்."

"நீங்களும் வாய மூடிக்கிட்டிருந்திருக்கலாமே! 'அவன் மறந்துட்டான்'னு எதுக்குச் சொன்னீங்க? செத்துப்போன மனுஷன், திருப்பிப் பேசவா போறார்னா?"

ரேமோ கையைப் பிசைந்தார். "வெறும் அம்பது ஆம்பியர், லொரி. ஒண்ணரை மடங்குகூட இல்ல. அதுக்குப் போய்..."

"கரண்ட் ஒண்ணரை மடங்கு இல்ல. சூடு? கரண்ட கரண்டாலயே பெருக்கினாத்தான் சூடு. நூத்தி எண்பத நூத்தி முப்பதால வகுத்து, வந்தத வந்ததாலயே பெருக்கிப் பாருங்க. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. சுருள் மேல இருக்கற பூச்சு அத எத்தன நாள் தாங்கும்?"

"இந்த சீசன் தாங்கும்."

"தாங்கலேன்னா? பூச்சு கருகிக் கம்பி மோட்டார் உடம்புல படும். அந்தக் குழியில தினமும் காலைல தண்ணி அடிச்சுக் கழுவறது யாரு? வாரன்."

"எர்த் கம்பி இருக்கு."

"எந்த எர்த் கம்பி? கரும்புச் சாறும் உப்பும் தின்னுட்டு மிச்சம் வச்சிருக்கே, அதுவா? நனைஞ்ச ஆளோட உடம்புத் தடை ஆயிரம் ஓம்னு வைங்க. ஒரு கம்பிக்கும் தரைக்கும் இருக்கற இருநூத்தி நாப்பது வோல்ட்ட ஆயிரத்தால வகுங்க. வகுங்க சித்தப்பா!"

ரேமோ கழுத்துப்பட்டையை இன்னும் கொஞ்சம் தளர்த்தினார்.

"கால் ஆம்பியர் வரும். நெஞ்சு நிக்க அதுல அஞ்சுல ஒரு பங்கு போதும். அப்பா பூட்டினது மோட்டாருக்காக இல்ல."

ரேமோ எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஃபோர்மேன் குரலுக்கு வந்தார். "சரி. நான் பண்ணினது தப்புதான். ஆனா இப்ப என்ன? போனவன் போயிட்டான். நீ பூட்டத் திற, அவன் சவப்பெட்டி மேல கௌரவமா வைக்கலாம். அடுத்த வாரம் யாருக்கும் தெரியாம நானே டயல திருப்பி வச்சிடறேன்."

"ஏன், இப்பவே திருப்பறது?"

"இப்பத் திருப்பினா பம்ப் ஓடாது, நின்னுக்கிட்டே இருக்கும். ஏன் ஓடலன்னு கேப்பாங்க. அப்ப திங்கக்கிழமை மட்டும் எப்படி ஓடிச்சுன்னும் கேப்பாங்க. ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கு எனக்கு. உன் சித்தி முகத்த நெனச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தாள். சித்தி மூன்று நாளாக அவர்கள் வீட்டில்தான் இருக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், அம்மாவை மடியில் போட்டுத் தூங்க வைக்கிறாள். அதை நினைக்க நினைக்க லொரெட்டாவுக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. எல்லாருடைய முகத்தையும் பார்த்தாயிற்று. அப்பா முகத்தை யார் பார்ப்பது?

"நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல," என்றாள். "அப்பா காப்பாத்தினத நான் கெடுக்கல. ஆனா பூட்டையும் திறக்க மாட்டேன். நீங்க என்ன பண்ணணும்னு அவர் சொல்லிட்டுப் போயிட்டார்."

"நீ இல்லாதப்ப கெர்ரி வெட்டிடுவா."

லொரெட்டா கதவைத் திறந்து வெளியே போனாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு கார் வரைக்கும் நடந்தாள். சுரங்கத்துப் பை பின்சீட்டில் கிடந்தது. அவள் திரும்பி வந்தபோது கெர்ரி, டேல், வாரன் மூவரும் பெட்டி முன்னால் நின்றிருந்தார்கள். யாரையும் கேட்காமல் அவர்களை விலக்கிக்கொண்டு போய், சுவிட்சில் பல பூட்டுகள் மாட்டுகிற தகட்டில், அப்பாவின் பூட்டுக்குப் பக்கத்துத் துளையில் தன் பூட்டை மாட்டி அழுத்தினாள். டொக்கென்று விழுந்தது. அதில் அவள் பெயர் இருந்தது, சிரிக்கிற போட்டோவும் இருந்தது.

"என்ன பண்ற நீ?" கெர்ரிக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "நீ எங்க ஆளே கிடையாது! இங்க பூட்டுப் போட உனக்கு என்ன உரிமை?"

"ஒண்ணும் கிடையாது. இன்ஸ்பெக்டரக் கூப்பிடுங்க. அவர் வந்து பெட்டியத் திறந்து பார்க்கட்டும், எனக்கு ரொம்ப சந்தோஷம். இப்ப ரெண்டு பூட்டு இருக்கு. ஒண்ணு செத்தவரோடது, ஒண்ணு உயிரோட இருக்கறவளோடது. வெட்டுங்க பாக்கலாம்."

டேல் கத்தரியைச் சுவரில் சாய்த்து வைத்தான். "நான் வெட்ட மாட்டேன், கெர்ரி," என்றான். "மன்னிச்சுக்க. உயிரோட இருக்கறவங்க பூட்டுல கை வச்சா என் கை இருக்காது."

வாரன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். அவர் சிரித்தாரா அழுதாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

கோயில் நிறைந்து வழிந்தது. சவப்பெட்டியின் மேல் எலியோவின் மஞ்சள் தொப்பி இருந்தது, பக்கத்தில் ஒரு கை அகலத்துக்கு வெறும் பலகை. உள்ளே வந்த ஆலைக்காரர்கள் ஒவ்வொருவரும் முதலில் அந்த இடத்தைத்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தார்கள். பியாவும் அதைக் கவனித்தாள், தலை குனியவில்லை. அவளுடைய நகங்களில் சிவப்புப் பூச்சு புதிதாக இருந்தது. சாவு வீட்டுக்காரி நகத்துக்குப் பூசலாமா என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது லொரெட்டாவின் காதில் விழுந்தது.

"சாவி?" என்று பியா கேட்டாள்.

"என்கிட்டதான் இருக்கு. இன்னும் திறக்கல."

"நல்லது."

"அம்மா, உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கரண்ட்டப் பத்தி எனக்கு என்ன தெரியும்?" என்றாள் பியா, பீடத்தைப் பார்த்தபடியே. "செவ்வாக்கிழமை காலைல வேலைக்குப் போயிட்டு எனக்குப் போன் பண்ணினார். 'ரேமோ ஒரு காரியம் பண்ணிட்டான், அவனே சரி பண்ணுவான்'னார். என்ன காரியம்னு கேட்டேன். 'அவன் வாயால வரட்டும்'னு வச்சிட்டார். நானும் மூணு நாளா அவன் வாயப் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

பூசை முடிந்ததும் சாமியார் தலையசைத்தார். தம்பி என்ற முறையில் ரேமோதான் பேச வேண்டும். அவர் உள்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டி, தொண்டையைக் கனைத்தார். இருவரும் சின்ன வயதில் அப்பாவின் டிராக்டரை ஆற்றுக்குள் இறக்கிய கதையைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், பியாகூட. எலியோ பியாவைப் பெண் கேட்கப் போய், பதற்றத்தில் அவர்கள் வீட்டு ஃபியூஸ் பெட்டியைப் பழுதுபார்த்துவிட்டுக் கேட்காமலே திரும்பி வந்த கதையைச் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள்.

"எதையும் மறக்காத ஆள் எங்க அண்ணன்," என்று படித்தார். "எல்லாருக்கும் தெரியும். ஆனா பாருங்க, கடைசி கடைசியா..."

நின்றார். காகிதத்தைப் பார்த்தார். சவப்பெட்டி மேல் இருந்த வெற்றுப் பலகையைப் பார்த்தார். முதல் வரிசையில் பியா கண் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். லொரெட்டா பார்க்கவில்லை. பார்த்தால் அவர் முகத்துக்காக இரங்கிவிடுவோம் என்று பயந்தாள்.

ரேமோ காகிதத்தை நான்காக மடித்தார்.

"இதுல நான் ஒரு பொய் எழுதியிருக்கேன்," என்றார். மைக்கில் குரல் கரகரத்தது. "எலியோ பூட்ட மறக்கல. நான் பம்ப் டயல ஏத்தி வச்சேன். ஆள் செத்துப் போற அளவுக்கு ஏத்தி வச்சேன். அவன் பார்த்துட்டான், பூட்டினான். என்னை இறக்கி வைக்கச் சொன்னான், நான் இறக்கல. அவன் மறந்துட்டான்னு ஊர்பூரா சொன்னது நான்தான். அவ்வளவுதான்."

ஒரு குழந்தை சிணுங்கியது. மூன்றாவது வரிசையில் கெர்ரி கண்ணை மூடிக்கொண்டாள். சித்தி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். வாரன் மட்டும் எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று தெரியாமலே அவர் பின்னால் இருந்த ஆலைக்காரர்களும் எழுந்தார்கள், வரிசை வரிசையாக.

பெட்டியைத் தூக்கும்போது முன்பக்கம் பிடிக்க வேண்டியவர் ரேமோ. அவர் சுவரோரமாக ஒதுங்கி நின்றார். "சித்தப்பா," என்றாள் லொரெட்டா, ஒரு கைப்பிடியைப் பிடித்தபடி. "அந்தப் பக்கம் பிடிங்க. கனமா இருக்கு." அவர் வந்து பிடித்தார்.

ஆலைக்காரனின் இறுதி ஊர்வலம் ஆலை வாசலில் நின்றுதான் போகும். சவ ஊர்தி நின்றது, ஆலைச் சங்கு ஊதியது. அது ஓயும் முன்பே கெர்ரி காரிலிருந்து இறங்கி சுவிட்ச் அறையை நோக்கி நடந்தாள். லொரெட்டாவும் ரேமோவும் பின்னால் போனார்கள். டேலும் வாரனும், கோட்டும் பட்டையுமாக இன்னும் சிலரும் போனார்கள்.

ரேமோ யாரிடமோ திருப்புளி வாங்கி, பெட்டிக்குள் குனிந்து டயலைத் திருப்பினார். இரண்டு தடவை தாண்டிப் போயிற்று. மூன்றாவது தடவை சிவப்புக் கோட்டின் இரண்டு பாதியும் ஒன்றையொன்று தொட்டன. கழுத்திலிருந்த ஃபோர்மேன் அட்டையைக் கழற்றிக் கெர்ரியிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

லொரெட்டா முதலில் தன் பூட்டைத் திறந்தாள். அப்புறம் அப்பாவினுடையதை. சாவி வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது, எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

"இப்ப ஓட்டலாமா?" என்று கேட்டாள் கெர்ரி.

"தாராளமா ஓட்டுங்க. கொஞ்ச நேரத்துல தானா நிக்கும். பம்ப் எங்கயோ இறுகிக் கிடக்கு, அதான் கரண்ட் இழுக்குது. கழட்டித்தான் பார்க்கணும்."

கெர்ரி ஜன்னல் வழியாக வெளியே நின்ற கரும்பு வண்டிகளைப் பார்த்தாள். நீண்ட வரிசை. "நாசமாப் போச்சு," என்றாள் மெதுவாக. பிறகு, "கழட்டுங்க" என்றாள்.

டேல் கோட்டுப் பைக்குள் கைவிட்டுத் தன் பூட்டை எடுத்தான். பூசைக்குப் பூட்டோடு வந்திருக்கிறான். அதை மாட்டினான். அடுத்து வாரன், அவருக்கு அடுத்து நின்றவன், அவனுக்கு அடுத்தவன். எலியோவின் பூட்டு இருந்த துளையில் மட்டும் யாரும் மாட்டவில்லை. கடைசியில் வந்தவன் இடம் தேடித் திணறி, இன்னொருவன் பூட்டு வளையத்துக்குள்ளேயே தன்னுடையதைக் கோத்துவிட்டான்.

சவ ஊர்தியின் பின்கதவு திறந்திருந்தது. பியா காத்துக்கொண்டு நின்றாள். லொரெட்டா பூட்டையும் சாவியையும் அவள் கையில் வைத்தாள். பூட்டின் அடிப்பக்கத்தில் கறுப்பு கிரீஸில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. பியா அதைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தாள், வெயிலில் திருப்பி ஒருமுறை பார்த்தாள். கைக்குட்டையை மறுபடி பைக்குள் போட்டுவிட்டு, பூட்டை அப்படியே தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள்.